கழிவு எந்த விலையிலிருந்து? கொழும்பில் அட்டை, கூப்பன், மொத்தக்கடை

எங்கள் வீட்டு மூத்தவர்களுக்குக் கூப்பன் என்றால் அரிசிதான் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், தொடங்கிய பங்கீட்டு முறையின்கீழ் அரிசி வாங்குவதற்குக் கொடுக்கப்பட்ட புத்தகத்தையே அவர்கள் கூப்பன் என்றார்கள். 1979இல் அதன் இடத்துக்கு உணவு முத்திரை வந்த பிறகும் பழைய சொல் நாவில் தங்கிவிட்டது. அந்தக் கூப்பன் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தது. கைப்பேசியில் இன்று வந்து விழும் கூப்பனோ, இன்னும் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கினால்தான் விலைக் கழிவு என்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை நேர்மாறானது என்பதை உணர எனக்குச் சில மாதங்கள் எடுத்தன.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. அதாவது ஓராண்டுக்கு முன் 100 ரூபா கொடுத்த சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் பணவீக்கம் தணிந்ததே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவிடவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் காலத்தில்தான் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் நால்வர் குடும்பம் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. சுப்பர்மார்க்கெட்டின் அங்கத்தவர் அட்டை, வங்கிக் கடனட்டைக்கான வார இறுதிக் கழிவு, இணையக் கடைகளின் குறியீடுகள், கூப்பனே இல்லாத புறக்கோட்டை மொத்தக்கடைகள் என்று நான்கு வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தோம்.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலிருந்து கூப்பன்களை வெட்டியெடுத்து, உற்பத்தியாளரின் கூப்பனையும் கடையின் கூப்பனையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுத்து, மிகச் சொற்பப் பணத்துக்கு வண்டி நிறையச் சாமான் வாங்கும் காணொளிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆகவே அவர்களுடைய உத்திகளை அப்படியே எடுத்துப் பயனில்லை. ஆனால் நமக்கு வேறொரு வசதி உண்டு: பொதி செய்யப்பட்ட பொருள்களில் அச்சிடப்படும் உச்ச சில்லறை விலை. பால்மாவிலும் சவர்க்காரத்திலும் பற்பசையிலும் அந்த எண் இருப்பதால், தரப்படும் கழிவு எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மரக்கறிக்கும் மீனுக்கும் அப்படி அச்சிட்ட விலை கிடையாது. கீழே நான் சொல்லும் தீர்ப்புகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தவையே.

அங்கத்தவர் அட்டையில் இரண்டு விதமான பயன்கள் கலந்திருக்கின்றன. காசாளரிடம் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னதும் சேரும் புள்ளிகள் ஒன்று. அங்கத்தவருக்கு மட்டும் குறைக்கப்படும் விலை மற்றொன்று. நூறு ரூபாவுக்கு ஒரு ரூபா பெறுமதியான புள்ளி சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 40,000 ரூபாவுக்கு வாங்கும் குடும்பத்துக்கு 400 ரூபா கிடைக்கும். அதை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த 400 ரூபாவுக்காக எல்லாச் சாமானையும் ஒரே கடையில் வாங்கும் பழக்கம் வந்துவிட்டால், பக்கத்துக் கடையில் கிலோவுக்கு 30 ரூபா குறைவாகக் கிடைக்கும் சீனியையும் பருப்பையும் காணாமல் விட்டுவிடுவோம். அங்கத்தவர் விலை அப்படியல்ல. பொதியில் அச்சிட்டிருக்கும் விலையோடு ஒப்பிட்டால் உண்மையான குறைவு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சலவைத்தூள், பற்பசை போன்ற கெடாத பொருள்களுக்கு அது வரும் வாரத்தில் இரண்டு மாதத்துக்கானதை வாங்கி வைப்பது எங்களுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது.

எனினும் அடுக்கில் ஒட்டியிருக்கும் விலை காசாளரின் இயந்திரத்திலும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ஒரு முறை நான்கு பால்மாப் பொதிகளுக்கு முழு விலையும் அறவிடப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன்; பற்றுச்சீட்டுடன் திரும்பிப் போனபோது திருத்திக் கொடுத்தார்கள், ஆனால் போய்வந்த நேரம் போனதுதான். அச்சிட்ட விலைக்கு மேல் யாராவது விற்றால் அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கடனட்டைக் கழிவுதான் மிகவும் கவனமாக அலச வேண்டியது, ஏனென்றால் பார்வைக்கு மிகப் பெரிய சதவீதம் அங்கேதான் இருக்கிறது. குறித்த சில நாள்களில், பெரும்பாலும் மரக்கறி, பழம், மீன், இறைச்சிக்கு, ஆகக் குறைந்த தொகையொன்றும் ஆகக் கூடிய தொகையொன்றும் வைத்து அதைத் தருகிறார்கள். முதலில், மரக்கறிக்கு அச்சிட்ட விலை இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுப்பர்மார்க்கெட்டில் கிலோ 500 ரூபா என்று எழுதியிருக்கும் கரட் 20 சதவீதக் கழிவில் 400 ரூபாவுக்கு வரும்போது மனம் நிறைகிறது; அதே காலையில் வெள்ளவத்தைச் சந்தையில் அது 420 ரூபாவாக இருந்தால், நமக்கு உண்மையில் மிஞ்சியது 100 ரூபா அல்ல, 20 ரூபாதான். சந்தையில் 380 ரூபாவாக இருந்தால் கழிவு பெற்றும் நட்டம். ஆகவே வீட்டில் அடிக்கடி வாங்கும் பத்துப் பொருள்களின் சந்தை விலையை ஒரு கொப்பியில் வாராவாரம் குறித்து வைக்கிறேன். எங்கள் அனுபவத்தில் கீரை வகைகளுக்கும் உள்ளூர் மரக்கறிக்கும் சந்தையே பெரும்பாலும் வெல்கிறது. அப்பிள், திராட்சை போன்ற இறக்குமதிப் பழங்களுக்குக் கடனட்டைக் கழிவு வெல்கிறது.

ஆகக் குறைந்த தொகை என்ற நிபந்தனையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5,000 ரூபாவுக்கு வாங்கினால் 20 சதவீதம் என்கிறார்கள். நம் கூடையில் 3,800 ரூபாவுக்கான சாமான் இருக்கிறது. மேலும் 1,200 ரூபாவுக்கு எடுத்தால் கொடுக்க வேண்டியது 4,000 ரூபா. அதாவது 1,200 ரூபாச் சாமான் 200 ரூபாவுக்கு வருகிறது. அது உள்ளி, வெங்காயம், உருளைக்கிழங்கு போன்று சில வாரம் தாங்கும் பொருளாக இருந்தால் இதைவிட நல்ல பேரம் கிடைப்பது அரிது. அவை அந்தக் கழிவுக்குள் சேருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குளிர்ப்பெட்டியில் அழுகப்போகும் இன்னொரு கட்டுக் கீரையாக இருந்தால், அந்த 200 ரூபாவும் வீண். இதற்கெல்லாம் மேல், மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர்கள் இந்த வழியைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்தாலும், கட்டாமல் விட்ட 20,000 ரூபாவுக்கு ஒரு மாதத்தில் 400 ரூபா வட்டி ஏறும்; வார இறுதிகளில் சேமித்தது அதில் கரைந்துவிடும்.

இணையக் கடைகளின் குறியீடுகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தராஸ் போன்ற தளங்களில் வவுச்சரை முதலில் சேகரித்து, குறித்த தொகைக்கு மேல் வாங்கி, விநியோகக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே இலாபம் தெரியும். குழந்தைகளுக்கான டயப்பர் போல் ஒரே பொருளைப் பெருமளவில் வாங்குவோருக்கு அது சில வேளை பொருந்தும். உணவு விநியோகச் செயலிகளின் குறியீடுகளை நான் சேமிப்பாகவே எண்ணுவதில்லை. குறியீடு வராவிட்டால் அந்தக் கொத்துரொட்டியை அன்றைக்கு வாங்கியிருக்கவே மாட்டோம்.

புறக்கோட்டையில் கூப்பனும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆயினும் அரிசி, பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் ஆகியவற்றுக்கு நான்காம் குறுக்குத்தெருவின் மொத்தக்கடைகளை மற்ற மூன்று வழிகளும் நெருங்குவதில்லை. மரக்கறி மொத்த வியாபாரம் நடந்த மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போய்விட்டதால், இப்போது உலர் உணவுக்காக மட்டுமே அங்கே போகிறோம். போகும்போது 100ஆம் இலக்க பஸ் போதும். மூட்டையோடு திரும்புவதுதான் சிக்கல். ஒரு குடும்பம் 15 கிலோ வாங்கிக் கிலோவுக்குச் சராசரி 40 ரூபா மிச்சம் பிடித்தால் 600 ரூபா. ஓட்டோவுக்கு 1,000 ரூபா கொடுத்தால் 400 ரூபா நட்டம். எங்கள் தொடர்மாடியில் மூன்று வீட்டார் சேர்ந்து 45 கிலோ வாங்கியபோது 1,800 ரூபா மிஞ்சியது, ஓட்டோக் கூலி போக 800 ரூபா. சேர்ந்து வாங்க அயலவர் இல்லாதவர்களுக்கு அருகிலுள்ள அரச கடையான சதொச நல்ல மாற்று. ஆனால் விலை குறைத்த பொருள் விரைவில் முடிந்துவிடுவதால் காலையிலேயே போக வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தில் முதல் சனிக்கிழமை புறக்கோட்டைக்கு, வாரநாள்களில் மரக்கறிக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு, கடனட்டைக் கழிவு நாளில் பழத்துக்கும் மீனுக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். டிசம்பரில் வேலையிடத்தில் தரும் பரிசு வவுச்சர்களை மட்டும் தனியாக, காலாவதித் திகதி தெரியும்படி, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுகிறேன். முன்பு ஒரு வருடம் அலுமாரிக்குள் வைத்து மறந்த 5,000 ரூபா வவுச்சர் மார்ச் மாதத்தில் வெறும் தாளாகக் கிடைத்தது.