எவர்சில்வர் பாலாடை: இரண்டு மாத அனுபவம்

குறைமாதத்தில் பிறந்த மகளுக்குத் தாய்ப்பாலைப் பீச்சிப் புகட்டுவதற்காகப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் பாலாடை (பால் புகட்ட மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) வாங்கினேன். முதலில் தந்ததன் மூக்கில் பிசிறு; தடவியபோதே விரலைக் கீறியது. கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே மாற்றித் தந்தார். நீங்கள் கடையிலேயே தடவிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது அருமை. இடுக்கு இல்லாததால் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது. பாட்டில் ரப்பரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் பதித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். மாமியார் ஒருநாள் படுக்கவைத்தே புகட்டினார். புரையேறி முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது.

குறை ஒன்றுதான்: அளவுக்கோடு இல்லை. 30 மில்லி என்றால் தனியாக அளந்துதான் ஊற்றுகிறேன்.