ஸ்டார் சானா, பிளீச்சா?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் பாத்திரங்களில் கிருமி நீக்க ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியையோ, துணி வெளுக்கும் குளோரின் திரவமான சாதாரண பிளீச்சையோ எடுக்கிறார்கள். பிளீச் மலிவு, கிருமியையும் நன்றாகவே கொல்லும். ஆனால் நன்றாக அலச வேண்டும். கொஞ்சம் குளோரின் தங்கினாலும் பீரிலுள்ள ஃபீனால்கள் என்ற சேர்மங்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். அப்புறம் முழுப் பீரும் மருந்து வாடைதான். ஸ்டீல் பாத்திரத்தையும் அரிக்கும்.

ஸ்டார் சானில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். ஓரிரு நிமிடம் நனைந்திருந்தால் சரி, அலசவே வேண்டாம். மிஞ்சும் நுரைக்கும் பயப்படாதீர்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும். எதை எடுத்தாலும் முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். படிந்த கசடுக்கு அடியில் இரண்டுமே எட்டாது.