திறந்த முற்றத்துக்கு எந்தத் தரை? வெளிப்புற டைல்ஸும் கற்களும்: ஒரு மதிப்பீடு

வீட்டுக்குள் போடும் தரை கண்ணுக்குப் பிடித்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். வாசலுக்கும் பின்கட்டுக்கும் திறந்த முற்றத்துக்கும் அது போதாது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு மிதிக்க முடிய வேண்டும், ஐப்பசி மழையில் வழுக்கக் கூடாது, ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரையும் தாங்க வேண்டும். திருச்சிப் பக்கம் டைல்ஸ் கடைகளிலும் கல் பட்டறைகளிலும் எளிதாகக் கிடைக்கும் பொருள்களை, எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் புழங்கிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு, இந்த மூன்று தேவைகளின்படி இங்கே மதிப்பிடுகிறேன்.

இன்று அதிகம் விற்பது ‘பார்க்கிங் டைல்ஸ்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ஓரடிச் சதுர ஓடு. அதற்குச் சற்றுப் பெரிதாக 400 மி.மீ. அளவிலும் வருகிறது. பெரும்பாலானவை குஜராத்தின் மோர்பியிலிருந்து வருபவை. ஒரே பெயரில் விற்றாலும் பெட்டிக்குள் இருப்பது விட்ரிஃபைடாகவும் (கடும் சூட்டில் சுட்டுக் கண்ணாடி போல இறுகிய ஓடு) இருக்கலாம், மேற்பூச்சு போட்ட சாதாரண செராமிக்காகவும் இருக்கலாம். ஐ.எஸ். 15622 என்ற இந்தியத் தரநிர்ணயம், ஓடு எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதை வைத்தே வகை பிரிக்கிறது. எடையில் அரை சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத ஓடுகள் ஒரு முனையிலும், 10 சதவீதத்தைத் தாண்டி உறிஞ்சும் சுவர் ஓடுகள் மறுமுனையிலும் நிற்கின்றன. மழையில் நனையும் இடத்துக்கு முதல் வகையைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப மனமில்லாதவர்கள் ஓட்டைக் கவிழ்த்து, பூச்சில்லாத பின்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். செராமிக் ஓட்டில் சொட்டு கண்ணெதிரே உள்ளே இறங்கி ஈரக்கறையாகப் பரவும். விட்ரிஃபைடு ஓட்டில் அப்படியே உருண்டு நிற்கும். ஓரம் சிறிது உடைந்த மாதிரி ஓடு கடையில் கிடந்தால் அதையும் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சாம்பல் நிறமாக இருந்து உள்ளே செங்கல் நிறம் தெரிந்தால், கார் ஏறி இறங்கும் இடத்தில் ஒவ்வொரு சிராய்ப்பும் சிவப்பாகத் தெரியும்.

வழுக்கும் தன்மையைப் பற்றிக் கடைகளில் கிடைக்கும் தகவல் மிகக் குறைவு. ‘ஆன்டி ஸ்கிட்’ என்று ஒட்டிய ஓடுகளில் எந்த எண்ணும் இருப்பதில்லை. ‘மேட்’ என்றாலே வழுக்காது என்று விற்பனையாளர்கள் சொல்வதையும் ஏற்க முடியாது, ஏனென்றால் பளபளப்பு இல்லாமையும் பிடிமானமும் வேறு வேறு. சில நிறுவனங்களின் கையேடுகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு குறியீடு காணப்படும். அது ஜெர்மனியின் சோதனை முறை: எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணி அணிந்த ஒருவர் நடக்க, தளத்தின் சாய்வை மெல்லக் கூட்டிக்கொண்டே போய், எந்தக் கோணத்தில் கால் வழுக்குகிறது என்று அளக்கிறார்கள். ஆர் 9 என்றால் 10 பாகையைத் தாண்டாது. ஆர் 11 என்றால் 19 முதல் 27 பாகை வரை தாங்கும். செருப்பைப் படியிலேயே கழற்றிவிடும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது, அதே நாட்டில் சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நடத்தப்படும் மற்றொரு சோதனை. அதன் முடிவை ஏ, பி, சி என்று குறிக்கிறார்கள். சி தான் அதிகப் பிடிமானம். இதைக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே ஒரு மாதிரி ஓட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கால் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் மதியம் அதையே வெயிலில் போட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் நடைமுறையில் சாத்தியமான சோதனை. அடர் சாம்பலும் கறுப்பும் படங்களில் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மதியச் சோதனையில் தேறுவதில்லை.

என் முதல் தேர்வு தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட், பட்டறைகளில் ‘ஃப்ளேம்டு’ என்று கேட்டால் தருவார்கள். பலகையின் மேல் கடும் தீச்சுடரை ஓட்டும்போது குவார்ட்ஸ் மணிகள் விரிந்து மேற்பரப்பு சிறு சிறு சில்லாகத் தெறித்து விழுகிறது. அதன் பிறகு கல் முழுவதும் ஒரே சீரான கரடுமுரடு கிடைக்கிறது. மேலே பூசியதாக இல்லாமல் கல்லின் தன்மையாகவே இருப்பதால், நாள்பட மிதித்தாலும் பூச்சு தேய்வது போன்ற பிரச்சினை இதில் இல்லை. கிருஷ்ணகிரியும் மதுரையும் பக்கத்திலேயே இருக்கும் நமக்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை, பெரிய பலகைகளை அறுத்தபின் மிஞ்சும் துண்டுகளை விலை பேசியும் வாங்கலாம். வெளிர் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தால் சூடும் பொறுக்கக்கூடியதாக இருக்கும். 18 மி.மீ.க்குக் குறைந்த கனத்தில் சுட்ட கல்லைக் கேட்காதீர்கள், தீ படும்போதே விரிசல் விடும் ஆபத்து உண்டு.

இதிலும் குறை உண்டு. துடைப்பான் நூல் சிக்கும், ஆகவே ஈர்க்குமாற்றால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். கோலமாவு குழிகளில் இறங்கி, நேற்றைய கோலத்தின் வெள்ளைத் தடத்தின் மேலேயே இன்றைய புள்ளிகளை வைக்க நேரும். எங்கள் வீட்டில் வாசற்படிக்கு நேரே கோலத்துக்கு என்று மூன்றடிச் சதுரத்தில் மட்டும், தோல் போல மென்மையான மேடுபள்ளம் கொண்ட ‘லெதர் ஃபினிஷ்’ கல்லைப் பதித்தோம். வீட்டுப் பெண்கள் முழு முற்றத்திலும் பாராட்டிய ஒரே இடம் அதுதான்.

கடப்பா, தாண்டூர், கோட்டா ஆகிய மூன்றும் சுண்ணாம்புக் கல் இனம். விலை குறைவு, கையாள எளிது. ஆனால் புளிப்பு எதுவும் ஆகாது. கடப்பா கல்லில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து சிறிது நேரம் கிடந்தால், துடைத்தபின் அந்த இடம் வெளிறி மங்கிப்போயிருக்கும். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையை எடுக்க மேஸ்திரிகள் வழக்கமாக ஊற்றும் ஆசிட், புதிய தரையை ஒரே நாளில் பழையதாக்கிவிடும், ஆகவே முன்கூட்டியே தடை சொல்லிவிட வேண்டும். பாலிஷ் போட்ட கறுப்புக் கடப்பா மதியத்தில் கொதிக்கும், மழையில் வழுக்கும். வெட்டவெளிக்கு அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாலிஷ் இல்லாத மஞ்சள் தாண்டூர் பரவாயில்லை, காலுக்கு இதமானது. உப்பு ஏறிய இடங்களில் மேல் அடுக்கு பொருக்குப் பொருக்காக உரிவதை எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சுட்ட மண் தட்டோடு குளிர்ச்சிக்கு நிகரற்றது, ஆனால் கார்த்திகைக்குள் பாசி பிடிக்கும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாமல், கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் வண்ணமும் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. கூரைக்கு அடியில் திண்ணைவரை அதற்கு ஈடில்லை, மழையும் வெயிலும் நேராக விழும் இடத்தில் அதன் நிறத்தை வீணாக்க வேண்டாம்.

கார் நிற்கும் இடத்துக்குப் பேவர் பிளாக் நல்லது. 60 மி.மீ. கனத்தில், எந்திரத்தில் அழுத்தி வார்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் அச்சில் ஊற்றிப் பளபளப்பாக எடுத்தவை நனைந்தால் வழுக்குகின்றன. மணல் படுக்கையில் பதிப்பதால் மழைநீர் இடுக்குகள் வழியே மண்ணுக்குள் இறங்கும், கீழே குழாய் உடைந்தால் நாலு கட்டையைப் பெயர்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். எறும்பு மணலைத் தோண்டி வெளியே தள்ளுவதும் இடுக்கில் புல் முளைப்பதும் இதோடு சேர்ந்து வருபவை. ஓரங்களில் கான்கிரீட் கட்டுப்பாடு இல்லாவிட்டால் வரிசைகள் மெல்ல விலகிவிடும்.

எதை வாங்கினாலும், அதன் ஆயுளைப் பதிக்கும் விதம்தான் தீர்மானிக்கிறது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, 100-க்கு 1 என்ற கணக்கில், அதாவது பத்தடிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும். சொரசொரப்பான கல்லுக்குச் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். நாலடிக்கு இரண்டடி ஓடுகளை முற்றத்துக்குக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, தண்ணீர் இரண்டு பக்கம் திரும்பி ஓட வேண்டிய தரையில் அவ்வளவு பெரிய ஓட்டை வளைக்க முடியாது என்பதைத்தான். சிறிய ஓடுகளில் வாட்டம் தானாக அமையும். விட்ரிஃபைடு ஓடு தண்ணீரை உறிஞ்சாததால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. வெளிப்புறத்துக்கு உரிய டைல் பசையைப் பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒட்டிய ஓட்டைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும், கேஸ் சிலிண்டரை ஒருமுறை வேகமாக இறக்கி வைத்தால் நடுவில் கீறல் விழும். ஓடுகளுக்கு இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விட்டு அடைப்பது, வெயிலில் அவை விரியும்போது ஒன்றையொன்று தூக்கிவிடாமல் இருக்க உதவும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பாருங்கள். அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்து, மிஞ்சியதைப் பரணில் போட்டுவையுங்கள். பிறகு அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் ஓடு கிடைக்கலாம், அதே நிறம் கிடைக்கும் என்று எந்தக் கடைக்காரரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.