இருமலுக்கு அத்தியா, லோ ஹான் குவோவா?

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்தது. வீட்டில் ஆளுக்கு ஆள் வறட்டு இருமல். பக்கத்துச் சீன மருந்துக்கடைக்குப் போனால் ஆன்ட்டி இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டினார். ஒன்றில் டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறிய பழுப்பு உருண்டைகள், லோ ஹான் குவோ என்ற உலர்ந்த பழம். இன்னொன்றில் வெளிறிப்போன சின்ன உலர் அத்திகள். அன்று உருண்டையைத்தான் வாங்கினேன். அப்புறம் பல ஆண்டுகள் மாறி மாறி வாங்கி, இப்போது அத்திப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டும் இனிப்பு. நுரையீரலுக்கும் பெருங்குடலுக்கும் நல்லது என்று இரண்டையுமே சீன மருத்துவம் சொல்கிறது. தொண்டை வறட்சி, கட்டிய குரல், வறட்டு இருமல், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் இரண்டையும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்கள். லோ ஹான் குவோ குவாங்சி மாநிலத்தின் குய்லின் பக்கத்துச் சரக்கு. பூசணிக் குடும்பத்துக் கொடி.

அத்தி சீனாவுக்கு வந்த விருந்தாளி. மேற்கு ஆசியாவிலிருந்து வந்தது. இன்றும் சீனாவின் மேற்கு ஓரத்துச் சின்ஜியாங்கின் ஆர்துஷ் ஊர் அத்திக்குப் பேர்போனது. அங்குள்ள உய்குர் மக்கள் அதை அஞ்ஜூர் என்கிறார்கள். நம் மளிகைக்கடையில் அஞ்சீர் என்று கேட்கிறோமே, அதே பாரசீகச் சொல்தான். சீனப் பெயர் வூ ஹுவா குவோ, அதாவது பூவில்லாப் பழம். பூ இல்லாமல் இல்லை, பழத்துக்குள் ஒளிந்திருக்கிறது. சீன மருத்துவர் லி ஷிஜென் எழுதி 1596இல் அச்சான மூலிகைப் பெருநூல், அத்தி பசியைத் தூண்டும், வயிற்றுப்போக்கை நிறுத்தும், மூலத்துக்கும் தொண்டை வலிக்கும் ஆகும் என்கிறது. வயிற்றுப்போக்கை நிறுத்துமாம்! இன்று அதே பழத்தை மலம் இளகத்தான் கொடுக்கிறார்கள். சீன மருத்துவத்தில் செரிமானம் மண்ணீரலின் பொறுப்பு, அதைப் பலப்படுத்தினால் போக்கு, சிக்கல் இரண்டுமே சரியாகும் என்பது ஆன்ட்டியின் விளக்கம். மலச்சிக்கலுக்கு எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறது. மற்றதற்குக் கொடுத்துப் பார்த்ததில்லை.

சரி, நான் ஏன் மாறினேன்? காரணம் ஒன்றுதான்: பழத்தின் இயல்பு. சீன மருத்துவத்தில் ஒவ்வொரு உணவுக்கும் கடுங்குளிர்ச்சி, குளிர்ச்சி, நடுநிலை, வெதுவெதுப்பு, சூடு என்று ஒரு குணம் உண்டு. பலாப்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே எல்லா இனத்தாரும் 'ஹீட்டி' என்று சொல்லிக்கொள்வதும் அதைத்தான். லோ ஹான் குவோ குளிர்ச்சி. அத்தியைப் பெரும்பாலும் நடுநிலை என்கிறார்கள். குளிர்ச்சி என்று எழுதியவர்களும் உண்டு.

இந்த வித்தியாசம் பானையில் தெரியும். சூட்டு இருமல் என்றால் தொண்டை காய்ந்து, சளி மஞ்சளாகக் கெட்டியாக வரும். அதற்கு லோ ஹான் குவோ பொருந்தும். உடம்பு சில்லிட்டு, வெள்ளையாக நீர்த்த சளி வந்தால் அது குளிர் இருமல். அப்போது லோ ஹான் குவோ ஆகாது என்பார்கள். என் அம்மா மின்விசிறியை ஒன்றில் வைத்தாலே துண்டைப் போர்த்திக்கொள்கிற ஆள். லோ ஹான் குவோ தண்ணீர் இரண்டு நாள் குடித்தால் வயிறு கலங்கிவிடும். என் மகனுக்கோ எப்போதும் சூட்டு உடம்பு. ஆளுக்கொரு பானை வைக்க என்னால் முடியாது. அத்தியை எல்லோருக்கும் ஒரே பானையில் போடலாம்.

அதோடு, வெந்த அத்தியைத் தின்றுவிடலாம். 100 கிராம் உலர் அத்தியில் கிட்டத்தட்ட 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மலம் இளகுவதற்கு மண்ணீரல் வரை போக வேண்டாம், இதுவே போதும் என்பது என் எண்ணம். லோ ஹான் குவோவின் ஓடும் சக்கையும் குப்பைக்குத்தான்.

ஆனால் சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் கதை வேறு. உலர் அத்தியின் எடையில் பாதிக்குக் கிட்ட சர்க்கரை, கொதிக்கும்போது அது சூப்பில் இறங்கும். லோ ஹான் குவோவின் இனிப்பு பெரும்பாலும் மோக்ரோசைடு என்ற பொருளால் வருவது. சர்க்கரையைவிட 200, 300 மடங்கு இனிக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. மாமனாருக்கு அதனால் இன்னும் அதுதான்.

வைத்திருப்பதிலும் லோ ஹான் குவோ ஜெயிக்கிறது. ஓடு உடையாதவரை அலமாரியில் கிடக்கும். அத்தியை இந்த ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் புழுவும் பூசணமும் தேடி வரும். வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். பூசணம் பட்டதைக் கழுவிப் போடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். அத்தியில் அஃப்ளடாக்சின் நச்சு சேரும் என்பதால்தான் துருக்கியில் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் பழங்களைப் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். ரொம்ப வெள்ளையாக, புளித்த நெடியோடு இருந்தால் கந்தகப் புகை போட்டிருக்கலாம். அதையும் நான் தொடுவதில்லை.

சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக்கடையில் வெறுமனே 'அத்தி' என்று கேட்காதீர்கள். நாட்டு அத்தி வேறு மரம், துவர்ப்பு, வயிற்றைக் கட்டும். சூப்புக்கு வேண்டியது சீமை அத்தி. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டுக் கணக்கு: ஆறு அத்தி, தோலோடு ஒரு பேரிக்காய், ஒன்றரை லிட்டர் தண்ணீர், சிறு தீயில் ஒரு மணி நேரம். இருமலை இது அடக்கியதா, ஒரு வாரத்தில் தானே அடங்கியதா என்று சத்தியம் பண்ண மாட்டேன். மூன்று வாரம் தாண்டினாலோ காய்ச்சலோ ரத்தமோ கண்டாலோ டாக்டரிடம்தான் போவேன். தாய்ப்பால் சுரக்கவும் அத்தி சூப் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேலை வரவில்லை.

போன வாரம் ஆன்ட்டியிடம் அவர் வீட்டில் எது என்று கேட்டேன். நாலு அத்தியும் அரை லோ ஹான் குவோவும் ஒரே பானையில் என்றார். அம்மாவிடம் சொன்னேன். அரை கூட வேண்டாம் என்றுவிட்டார்.