தாதியர் பட்டம்: பேராதனையா, கொத்தலாவலையா, பயிற்சிக் கல்லூரி வழியா?

இலங்கை மலையகத் தோட்டங்களில் உயர்தரம் முடித்து, தாதியராக எந்த வழியில் போவது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இது. உயர்தர முடிவில் வரும் இசட் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குப் போதுமானதாக இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கே போங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு வருட பி.எஸ்சி., கட்டணம் கிடையாது, மகாபொல உதவித்தொகை கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும், ஹட்டன் பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வந்து போகவும் முடியும். தமிழில் உயர்தரம் படித்தவர்களை முதல் வருடம் ஆங்கிலம் திணறடிக்கும், அதற்கு இப்போதே தயாராகுங்கள்.

ரத்மலானையில் இருக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் தாதியர் பட்டம் உண்டு, ஆனால் அங்கே வாசல் இரண்டு. கெடேற்றாக, அதாவது படைப் பயிற்சி மாணவராகப் போனால் செலவு அரசினது, முடித்ததும் படையில் அதிகாரி, பிறகு ஒப்பந்தப்படி சேவை செய்தாக வேண்டும். சீருடை வாழ்க்கை பிடித்தவர்களுக்கு நல்ல வழிதான். படையில் சேராத வெளி மாணவராகப் போனால் காசு கட்ட வேண்டும், தோட்டச் சம்பளத்தை நம்பி நகையை அடகு வைத்து அதில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் 1993இல் தொடங்கிய தாதியர் மேற்படிப்புக் கல்லூரியில் படை அதிகாரிகளோடு பொதுச் சுகாதார சேவை அதிகாரிகளும் சம்பளத்தோடு படித்து, பிறகு சேவையால் ஈடு செய்கிறார்கள். நம் தோட்டங்களில் தாதியராக வேலை செய்ய வருகிறவர்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஏன் என்றால், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு கர்ப்பிணி இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவாள். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி என்று அவளுக்குத் தமிழில், அவள் வேலை நேரத்தையும் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் தாதியர் இருந்தால் இது நடக்காது.

சரி, மூன்றாவது வழி. கண்டி, பதுளை போன்ற இடங்களில் உள்ள அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகள்: மூன்று வருட டிப்ளோமா, மாதாமாதம் கொடுப்பனவு, அப்புறம் அரச நியமனம். பட்டம் இல்லையே என்று இதைக் குறைத்துப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. திறந்த பல்கலைக்கழகம் 1994இலிருந்து தாதியர் பட்டப்படிப்பு நடத்துகிறது, பொல்கொல்லையில் அதன் கண்டி நிலையம் இருக்கிறது, வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். வருடம் கூடும், தூக்கம் குறையும், ஆனால் தம்பி தங்கையின் படிப்பும் உங்கள் கையில் என்றால் எனக்கு இதுதான் முதல் தெரிவு. வர்த்தமானி அறிவித்தல் வந்தால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்காமல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.