நாலு வாயு மீட்டர்: கிணற்றுக்கு எடுக்கலாம், குப்பைமேட்டுக்கு வேண்டாம்

கிணற்றுக்குள் இறங்க முதல் உள்ளே இருக்கிற காற்றைச் சோதிக்கவென்று வாங்கிய மீட்டர் இது. கொழும்பில் ஒரு கடையில் எடுத்தது. கடைப்பெயர் வேண்டாம், இதே பெட்டியைத்தான் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பல இடங்களில் விற்கிறார்கள். ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு (CO), ஐதரசன் சல்பைட்டு நாலையும் காட்டும். உள்ளே சின்னப் பம்ப் இருப்பதால் குழாயைக் கீழே விட்டு, மேலே நின்றபடியே காற்றை இழுத்துப் பார்க்கலாம். பற்றரி ஒரு முழுநாள் வேலைக்குத் தாராளம், தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடும்போதும் அலாரம் கேட்கும்.

சிக்கல் வந்தது குப்பைமேட்டில். பிரதேச சபைக் குப்பைமேட்டை ஒட்டிக் காணி வைத்திருக்கிற ஒருவர், வீடு கட்ட முதல் நிலத்துக்குள்ளால் வாயு வருகிறதா என்று பார்த்துத் தரச் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விதான். புதைந்த குப்பை அழுகி வருகிற வாயுவில் ஏறக்குறையப் பாதி மெதேன் என்ற எரியும் வாயு, மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு (CO2). கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது அது மேலால் போய்விடும், மாரியில் மேல்மண் ஊறி அடைபட்டதும் பக்கவாட்டில் திரும்பி, கிறவல் படை, மணல், பைப் புதைத்த வாய்க்கால் என்று இளகின வழியாகப் பார்த்து நகர்ந்து, வீட்டு அத்திவாரத்துக்குக் கீழே வந்து தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மெதேன் இருந்தால் ஒரு சுவிட்ச் பொறி போதும். இங்கிலாந்தில் லொஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச்சில் ஒரு வீடு இப்படித்தான் வெடித்துத் தரைமட்டமானது, அன்றைக்குக் காற்றழுத்தம் சடுதியாக இறங்கியிருந்தது. அழுத்தம் இறங்கினால் நிலத்துக்குள் இருக்கிற வாயு வெளியே இழுபடும். அதனால் அளக்க வேண்டியது நல்ல வெயில் நாளில் அல்ல, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வந்து வானம் மூடுகிற நாளில்.

சரி, மீட்டருக்கு வருவோம். எரியும் வாயுவைப் பார்க்க இதற்குள் இருப்பது வாயுவைச் சூடான மணியில் எரித்து அளக்கிற சென்சர். எரிக்க ஒட்சிசன் வேண்டும். அளப்பதற்காகக் காணி ஓரத்தில் நிலத்துக்குள் இறக்கிய குழாயில் மெதேன் நிறைந்து ஒட்சிசன் இல்லாமல் போனால் என்ன ஆகும்? எண் ஏறி, ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும், கடைசியில் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். வாயு ஆக அதிகமாக இருக்கிற குழாய்தான் ஆகச் சுத்தமான குழாய் போலத் தெரியும்! நல்ல மீட்டர்கள் எல்லை தாண்டியதும் அதைச் சொல்லித் திரையைப் பூட்டிவிடும், இது பூட்டாது. பக்கத்தில் ஒட்சிசன் எண் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் விசயம் விளங்கும், ஆனால் பார்க்கத் தெரியாதவர் கையில் இதைக் கொடுத்தால் நிம்மதியாக வீடு கட்டிவிடுவார். கடைக்காரர் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை, குப்பைமேட்டுக்கும் சரிவரும் என்றுதான் விற்றார்.

காபனோரொட்சைட்டு எண்ணையும் அங்கே நம்பக் கூடாது. புதுக் குப்பையில் வருகிற ஐதரசனுக்கும் அந்தச் சென்சர் அசையும். எண் ஏறியதைப் பார்த்து, உள்ளே நெருப்புப் பிடித்துவிட்டது என்று ஆட்களைக் கூட்ட வேண்டாம் (நம்முடைய குப்பைமேடுகளில் உண்மையாகவே நெருப்பு இருக்கவும் கூடும், அது வேறு கதை).

இன்னொன்று, கிணற்றுக்காரரும் கவனிக்க வேண்டியது. இது காபனீரொட்சைட்டைக் காட்டாது. 5 சதவீதம் காபனீரொட்சைட்டு கலந்தாலும் ஒட்சிசன் 20.9இலிருந்து 19.9க்குத்தான் இறங்கும், அலாரம் வைத்திருப்பது 19.5இல். அதாவது ஆளுக்கு மூச்சு முட்டும், பெட்டி பேசாமல் இருக்கும். ஆகவே மீட்டர் இருந்தாலும் கிணற்றுக்குள் காற்று அடிக்கிற வேலையை விடக் கூடாது, மேலே கயிற்றோடு ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

குப்பைமேட்டு ஓரத்துக்கு வேண்டியது அகச்சிவப்பு ஒளியால் மெதேனையும் காபனீரொட்சைட்டையும் கனவளவுச் சதவீதத்தில் 100 வரை காட்டுகிற மீட்டர். விலை பல மடங்கு, தனியாள் வாங்குகிற சாமான் இல்லை, சபைகள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுழற்றலாம். அதோடு குழாயும் ஒழுங்காக இறக்க வேண்டும்: குப்பை எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு ஆழம், கீழ்ப்பகுதியில் துளையிட்ட பிவிசி, சுற்றிச் சல்லி, மேலே பென்டொனைட்டு என்ற, தண்ணீரில் ஊதுகிற களியால் அடைப்பு, தலையில் மூடுகிற வால்வு. அலவாங்கால் குத்திய துளைக்குள் மீட்டரின் மூக்கை நீட்டி அளந்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேலை இல்லை. வாயு வந்தால் குப்பைக்கும் வீட்டுக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டி, கருங்கல் போட்டு, வீட்டுப் பக்கம் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வைத்து, குழாய்களால் மேலே விடலாம். அதுவும் குப்பையின் அடிவரை இறங்கினால்தான் சரிவரும், இல்லாவிட்டால் வாயு அடியால் போய்விடும்.

கிணற்றுக்கு 5க்கு 3, குப்பைமேட்டுக்கு 1. வாங்குகிறவர்கள், மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற சோதனை வாயு சிலிண்டரையும் சேர்த்தே கேளுங்கள், வவுனியாவில் எனக்கு அது கிடைக்கவில்லை. சிலிக்கன் பூச்சு, ஸ்பிரே பக்கத்தில் வைக்கவே வேண்டாம், எரியும் வாயுச் சென்சர் சத்தமில்லாமல் செத்துவிடும், திரையில் பூச்சியம் மட்டும் அழகாக நிற்கும். மாரியில் வேலை என்றால் தண்ணீர் மீட்டருக்குள் போகாமல் முன்னால் போடுகிற பில்டர் இரண்டு மூன்று மேலதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.