கோலா ரொம்பினில் இரவுத் தூண்டில் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

படகில் 10 பேர் இருந்தோம். உயிர்காப்புச் சட்டை 6 தான் இருந்தது. அதிலும் இரண்டுக்கு வாரைப் பூட்டும் கொக்கி உடைந்திருந்தது. இதைத் துறையிலேயே பார்த்துவிட்டேன். பார்த்தும் ஏறினேன், கூடவே என் அக்கா மகனையும் ஏற்றினேன். அவனுக்கு வயது 15. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து நாங்கள் ஆறு பேர். பகாங்கின் கிழக்குக் கரையில் இருக்கும் கோலா ரொம்பின் எங்களுக்குப் புது இடமில்லை. மயில்மீன் பருவத்தில் இரண்டு தடவை பகல் பயணம் போயிருக்கிறோம். அப்போது கூட்டிப்போன தெக்கோங், அதாவது படகோட்டி, அருமையான மனிதர். மயில்மீனைப் படகில் தூக்கிப் போடாமல் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விடக் கற்றுக் கொடுத்தவர். இந்த முறை அவரிடம் தேதி காலி இல்லை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கினால் மார்ச் வரை கிழக்குக் கரையில் பெரும்பாலான தூண்டில் படகுகள் ஓடாது. அக்டோபர் முடிவதற்குள் எப்படியாவது போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் ஃபேஸ்புக்கில் பார்த்த ஓர் ஏஜெண்டைப் பிடித்தோம்.

அவர் அனுப்பிய படத்தில் இரட்டை எஞ்சின் போட்ட வெள்ளைப் படகு. படுக்க அறை, கழிப்பறை எல்லாம் உண்டு. தியோமான் தீவைத் தாண்டி ஆழமான இடத்துக்குப் போவோம், தெக்கோங்குக்குச் சொந்த உஞ்சாம் நான்கைந்து இருக்கிறது என்றார். தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டி, கல்லோடு கடலில் இறக்கி வைப்பதுதான் உஞ்சாம். அதன் நிழலுக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனைத் தேடித் தெங்கிரி (வஞ்சிரம்) வரும். உஞ்சாம் என்ற பேச்சைக் கேட்டதுமே எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு பகல், ஓர் இரவுக்கு 3,000 ரிங்கிட். பாதியைத் தன் சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். நிறுவனக் கணக்கு இல்லையா என்று கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க அண்ணே" என்றார். கட்டிவிட்டோம்.

சனிக்கிழமை காலை துறையில் நின்றது ஒரு பழைய மரப்படகு. ஒற்றை டீசல் எஞ்சின். கழிப்பறைக்குப் பதில் பின்பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்பு. ஜோகூரிலிருந்து வந்த இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். முழுப் படகும் எங்களுக்குத்தான் என்று பேசியிருந்தது. ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டால், அந்தப் படகு பழுதுக்குப் போயிருக்கிறது, இதுவும் அதே மாதிரிதான், மீதிப் பணத்தை அனுப்பினால் உடனே கிளம்பலாம் என்றார். எங்களில் ஒருவன் மட்டும், "வேணாம்டா, திரும்பிடலாம்" என்றான். நாலரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறோம், 1,500 ரிங்கிட் போய்விட்டது என்று சொல்லி அவன் வாயை அடைத்தது நான்தான். இன்னொரு 1,500 ரிங்கிட்டை அங்கேயே நின்று அனுப்பினோம்.

இரண்டு மணி நேரம் ஓடியதும் தெக்கோங் நங்கூரம் போட்டார். எதிரே ஒரு தீவு. கரையில் இருந்த மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கைப்பேசி வரைபடத்தில் பார்த்தேன், கரைக்கு ஒரு கடல் மைல்கூட இல்லை. தியோமானும் சுற்றியுள்ள குட்டித் தீவுகளும் 1994-லிருந்து கடல் பூங்கா. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். அதைச் சொன்னதும் தெக்கோங் தலையைக் குனிந்துகொண்டார். ஏஜெண்ட் தனக்குக் கொடுத்தது 1,100 ரிங்கிட், டீசலும் அதற்குள்தான், இதற்கு மேல் போனால் திரும்பி வர எண்ணெய் இருக்காது என்றார். வயதான மலாய்க்காரர். அவர்மேல் முழுக் கோபமும் வரவில்லை. எப்படியோ பூங்கா எல்லைக்கு வெளியே நகர்த்தி நிறுத்தினார். உஞ்சாமும் இல்லை, பாறையும் இல்லை, வெறும் மணல். மாலை வரை சின்னக் கெரிசி மீன்தான் கிடைத்தது.

இரவு 11 மணிக்கு மேல் தெற்கே மின்னல் வெட்டியது. அப்புறம் காற்று. நங்கூரத்தைத் தூக்கித் தீவின் மறைவுக்குப் போகலாம் என்று தெக்கோங் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது. சாயங்காலத்திலிருந்து கணவாய் மீனை ஈர்க்க எரிந்த விளக்குகள் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அதே பேட்டரியில்தான் ஓடியிருக்கின்றன. வேறு பேட்டரி இல்லை. ரேடியோ பெட்டி இருந்தது, அதற்கும் உயிர் இல்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மணல் தரையில் நங்கூரம் பிடிக்காமல் இழுபட ஆரம்பித்ததும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. அதன் பிறகு ஆட்டம் வேறு மாதிரி. ஐஸ் பெட்டி வழுக்கி வந்து ஒரு நண்பனின் முழங்காலில் மோதியது.

கொக்கி நன்றாக இருந்த சட்டை ஒன்றை அக்கா மகனுக்குப் போட்டுவிட்டேன். இன்னொன்றை, நீச்சல் தெரியாது என்று அழுத ஜோகூர்க்காரருக்குக் கொடுத்தோம். எனக்குக் கிடைத்தது கொக்கி உடைந்தது. அதைத் தூண்டில் பையின் வாரால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். "மாமா, அம்மாகிட்ட நாம எங்க இருக்கோம்னு சொல்லியிருக்கீங்களா?" என்று அவன் கேட்டான். சொல்லியிருக்கவில்லை. எந்தத் துறை, எந்தப் படகு, எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவன் என் கையை விடவே இல்லை.

காற்று தானாக அடங்கியது. விடியும்போது பக்கத்து ஊரான எண்டாவின் மீன்பிடிப் படகு ஒன்று எங்களைப் பார்த்துப் பக்கத்தில் வந்தது. தங்கள் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து எஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தார்கள். பணம் நீட்டினோம், வாங்கவில்லை.

ஏஜெண்டிடம் கேட்டபோது, "மழைக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு எங்கள் எண்களை முடக்கிவிட்டார். மழைக்காக யாரும் அவரைக் கேட்கவில்லை. காட்டிய படகு வேறு, கொடுத்த படகு வேறு. அதற்குத்தான் கேட்டோம். இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அவர் அனுப்பிய படம், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் போவதாக இருந்தால், முடிந்தவரை தெக்கோங்கிடமே நேராகப் பேசுங்கள். படகின் உரிமத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை பேர் ஏறலாம் என்று அதில் இருக்கும். மீதிப் பணத்தைப் படகுக்குள் ஏறிப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒவ்வொருவரும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, வாரைப் பூட்டிப் பாருங்கள். ரேடியோவை, ஆபத்தில் உதவி கேட்கும் சேனல் 16-இல் வைத்து உங்கள் காதால் கேளுங்கள். விளக்குக்குத் தனி பேட்டரி இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் படகின் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் கொடுத்துவிட்டு, அந்த நேரம் தாண்டினால் 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். துறையில் யாராவது "திரும்பிடலாம்" என்று சொன்னால், தயவுசெய்து அவர் வாயை அடைக்காதீர்கள்.

நேற்று பார்த்தேன், அதே வெள்ளைப் படகின் படத்தைப் போட்டு அந்த ஏஜெண்ட் மறுபடியும் விளம்பரம் செய்திருக்கிறார். ஏப்ரல் மாதத்துக்கு முன்பதிவு, குடும்பத்தோடு வருபவர்களுக்கு விலைக் கழிவு உண்டாம்.